பதினாலாம் கேள்வி

ஜனவரி 12

அன்புத் தங்கை வாலுவுக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே உன் அண்ணி சுகம், பிள்ளைகள் இரண்டு பேரும் சுகம். முழங்காலை விட்டுவிட்டுக் கணக்குப் பார்த்தால் நானும் சுகம்தான். மாப்பிள்ளைக்குப் போன மாதம் வந்த இருமல் விட்டதா? மூக்குக்கண்ணாடிக் கடையில் குளிர்சாதனத்தின் அடியிலேயே உட்காராமல் இருக்கச் சொல்.

வெட்கத்தை விட்டு ஓர் உதவி கேட்கிறேன். போன வாரம் டாக்டர் என் முழங்கால் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இனிமே தீயணைப்பு வண்டி ஓட்டறதை மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பதினெட்டு வருஷம் ஓட்டிய வண்டி.

எனக்கு இருப்பது ஒரே வழி. கட்டுப்பாட்டு அறையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. வரும் அழைப்பைக் கேட்டு, வண்டிகளை அனுப்பி, அறிக்கை எழுதும் வேலை. அதற்குத் துறைத் தேர்வு; கால் போவதற்கு முன்பே எழுதத் தொடங்கியது. மற்ற தாள்கள் எல்லாம் தேறிவிட்டேன். மொழித் தாள்தான் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. ஐம்பது கேள்விக்கு முப்பது வாங்க வேண்டும். முதலில் இருபத்து நாலு, அடுத்தது இருபத்தாறு. மூன்று தடவைதான் விடுவார்கள். ஏப்ரல் இருபதாம் தேதி கடைசித் தடவை. அதிலும் போனால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

என்னைக் கவிழ்ப்பது வாக்கியத் திருத்தம். நாலு வாக்கியம் கொடுத்துப் பிழையற்றது எது என்கிறார்கள். எனக்கு நாலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரிதான் தெரிகிறது. நீ பாடநூல் அலுவலகத்தில் நாள் முழுக்க ஊரார் பிழையைத் திருத்துகிறவள். என்னையும் கொஞ்சம் திருத்து. போனில் கேட்டிருப்பேன். உன் அண்ணி, "பேசிப் பேசித்தான் ரெண்டு தடவை கோட்டை விட்டாச்சு. எழுதுங்க" என்று பேனாவைக் கையில் திணித்துவிட்டாள்.

மாதிரிக்கு, நான் எழுதிய அறிக்கையிலிருந்து ஒரு வரி: "தகவல் வந்ததும் புறப்பட்டோம், கதவை உடைத்தோம், இருவர் மீட்கப்பட்டனர், தீ அணைத்தல்." நிலைய அலுவலர் இதைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். என்ன தப்பு என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

பதிலை எதிர்பார்க்கும்,
அண்ணன்


ஜனவரி 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். அவருடைய இருமல் போய்விட்டது. இப்போது அதே இருமல் எனக்கு. முழங்காலில் வீக்கம் வடிந்ததா, படி ஏற முடிகிறதா என்பதை மறைக்காமல் எழுது.

உன் கடிதத்தைப் பென்சிலோடுதான் படித்தேன். கோபித்துக்கொள்ளாதே, கை பழகிவிட்டது. கடிதத்தில் பிழையே இல்லை. அறிக்கை என்று வந்ததும் உனக்குக் கை நடுங்குகிறது, அவ்வளவுதான்.

அந்த வரியையே எடுத்துக்கொள்வோம். புறப்பட்டோம், உடைத்தோம். இந்த இரண்டும் "நாங்கள்" செய்தவை. அடுத்து "மீட்கப்பட்டனர்" என்கிறாய். திடீரென்று நாங்கள் காணாமல் போய்விட்டோம். கடைசியில் "அணைத்தல்". அங்கே ஆளே இல்லை, வெறும் வேலையின் பெயர் மட்டும் நிற்கிறது. வரிசையாகச் சொல்லும்போது எல்லாவற்றுக்கும் ஒரே சீருடை மாட்டு. "புறப்பட்டோம், கதவை உடைத்தோம், இருவரை மீட்டோம், தீயை அணைத்தோம்." இதைத்தான் இணை அமைப்பு என்கிறார்கள். பெயர்தான் பெரிசு. உங்கள் நிலையத்தில் காலை அணிவகுப்பில் ஒருத்தர் மட்டும் லுங்கியில் வந்து நின்றால் நீ கண்டுபிடிக்க மாட்டாயா? அந்தக் கண்தான் வேண்டும்.

இரண்டு கேள்வி தருகிறேன். திருத்தி அனுப்பு.

பயிற்சியில் சேருவோருக்கு நீந்தவும், ஏணி ஏறவும், வண்டி ஓட்டுதலும் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குக் காலையில் நடப்பதும், மாலையில் படிப்பதும், இரவில் தூக்கமும் வழக்கம்.

அண்ணியிடம் பேனாவைத் திணித்ததற்கு நன்றி சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
உன் தங்கை


பிப்ரவரி 3

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம். படி ஏறுகிறேன், இறங்கத்தான் சுவர் தேவைப்படுகிறது. உன் இருமலுக்கு வெந்நீர் குடி. மருந்துக் கடைக்காரர் சொல்வதையெல்லாம் வாங்கி விழுங்காதே.

விடைகள்: முதலாவதில் "வண்டி ஓட்டவும்". இரண்டாவதில் "இரவில் தூங்குவதும்". இந்த முழங்காலோடு காலையில் நடப்பது வழக்கமாம், நல்ல ஆளைப் பார்த்துக் கேள்வி எழுதினாய்.

வாலு, உன் கடிதம் வந்த அன்று ஒரு விஷயம் நடந்தது. வண்டிக் கொட்டகைச் சுவரில் ஒரு பலகை உண்டு. பல வருஷமாகத் தினமும் பார்க்கும் பலகை. அதில் இப்படி எழுதியிருக்கிறது: "வண்டியை நிறுத்து. எஞ்சினை அணை. தெருக்குழாய் வால்வு மூடப்பட வேண்டும். குழாயைக் கழற்று." அதற்கு எதிரே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தேன். டீ பாதியில் நின்றுவிட்டது. நிறுத்து, அணை, கழற்று எல்லாம் யாரையோ பார்த்துச் சொல்கின்றன. வால்வை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. மூடப்பட வேண்டும், சரி. யார் மூடுவது?

என் முழங்கால் போனது அப்படித்தானே? என்னோடு வண்டியில் வந்து தண்ணீர்க் குழாய் பிடிக்கும் குழாய்க்காரர் மூடுவார் என்று நான் நினைத்தேன். நான் மூடிவிட்டேன் என்று அவர் நினைத்தார். தண்ணீர் வேகத்தில் இருந்த குழாயைக் கழற்றினோம், அது பாம்பாகச் சுழன்று வந்து காலில் அடித்தது. ஆறு மாதமாக ஒருவரை ஒருவர் மனசுக்குள் திட்டிக்கொண்டு, பார்த்தால் சிரித்துக்கொண்டு திரிந்தோம்.

குழாய்க்காரரைக் கூப்பிட்டுப் பலகையைக் காட்டினேன். ரொம்ப நேரம் படித்தார். "அப்ப நீங்களும் தப்பு பண்ணல, நானும் பண்ணலையா?" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் நிலைய அலுவலரே பெயிண்ட் டப்பாவோடு வந்து, "ஓட்டுநர் வால்வை மூடு" என்று மாற்றி எழுதினார்.

இலக்கணம் என்றால் பள்ளிக்கூடத்து வாத்தியார் கையில் வைத்திருக்கும் குச்சி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்னும் கேள்விகள் அனுப்பு. நிறைய அனுப்பு.

அண்ணன்


பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் விட்டது, நாங்கள் இருவரும் நலம். அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பலகை வந்த இடத்தில் அவர் வேலையை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தக் குழாய்க்காரரோடு நீ மறுபடியும் மனசு விட்டுப் பேசுகிறாய் என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

அடுத்த வாரம் ஐம்பது கேள்விகள் மொத்தமாக வரும். தயாராக இரு.

அன்புடன்,
உன் தங்கை


மார்ச் 10

அன்புத் தங்கைக்கு,

நலமா? மாப்பிள்ளை நலமா? இங்கே சின்னவளுக்கு இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

ஐம்பது கேள்விகள் வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கும் என்று நினைத்துத் தபால் நிலையத்துக்கே போய்க் கேட்டேன். அங்கே இருப்பவர் என்னைப் பார்த்ததும் கையை விரிக்கிறார். போனில் உன்னைப் பிடித்தால், "கூட்டத்தில் இருக்கேன் அண்ணா" என்று வைத்துவிடுகிறாய். உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

கேள்விகள் எழுத நேரமில்லை என்றால் பத்து அனுப்பு. அதுவும் முடியாவிட்டால் ஒன்று அனுப்பு. நாற்பது நாள்தான் இருக்கிறது.

அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

அலுவலகத்தில் வேலை கூடிவிட்டது. இனி என்னால் பயிற்சிக் கேள்விகள் அனுப்ப முடியாது. உன் விடைகளைத் திருத்தவும் முடியாது. கடைகளில் நல்ல பயிற்சி நூல்கள் கிடைக்கும். தேர்வு முடியும்வரை தேர்வைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்காமல் இருந்தால் நல்லது.

நன்றாகத் தூங்கு. உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


ஏப்ரல் 2

என் அருமை நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீயும் அவரும் சௌக்கியம்தானே? இங்கே உடம்பளவில் எல்லோரும் சௌக்கியம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். உன் அண்ணன் மேல் உனக்கு என்ன கோபம்? உன் கடைசிக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். "படிச்சவ, எத்தனை நாளைக்கு நம்மளைக் கட்டிக்கிட்டு அழுவா" என்று சிரிக்கிற மாதிரி சொல்கிறார். சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. பெரியவள் பிறந்த நாளில் உன் வீட்டுக்காரரைப் பார்த்து, "மாப்பிள்ளை கடையில் பெரிய எழுத்து மட்டும்தான் விற்பனையா" என்று கிண்டல் செய்தாரே, அதை மனசில் வைத்திருக்கிறாயா? அப்படி இருந்தால் அவர் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கிறேன். அவருக்கு வாய்தான் நீளம், உனக்குத் தெரியாதா?

கடையில் நூல் வாங்கினார். பெரியவள் கேள்வி கேட்கிறாள், இவர் விடை சொல்கிறார். நாற்பதுக்கு முப்பத்தைந்து சரியாக வருகிறது. சரி என்று அவள் சொல்லும்போதெல்லாம், "உன் அத்தைக்குத் தெரிஞ்சா சந்தோஷப்படுவா" என்கிறார்.

ஒரு வரி போதும். எழுது.

அண்ணி


ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம். கோபம் எதுவும் இல்லை, சத்தியமாக இல்லை. அவருடைய கிண்டலுக்கு என் வீட்டுக்காரர் இன்னமும் சிரிக்கிறார். இதற்கு மேல் கேட்காதீர்கள். அண்ணா நல்லபடியாக எழுத வேண்டும்.

உங்கள் நாத்தனார்


மே 26

அன்புத் தங்கைக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலம் என்று நம்புகிறேன். நாங்கள் நலம்.

முடிவு வந்துவிட்டது. இருபத்தொன்பது. ஒரே ஒரு மதிப்பெண், வாலு. அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று என் எண்ணை மூன்று தடவை பார்த்தேன். குழாய்க்காரர் தோளில் கை வைத்தார். உன் அண்ணி, "சரி, வீட்டுல இருங்க. நான் தையல் வகுப்பை ரெண்டு வேளை ஆக்கிக்கறேன்" என்றாள். அதைக் கேட்ட பிறகுதான் அழுகை வந்தது.

தேர்வு முடிந்தால் கேட்கலாம் என்றுதானே எழுதினாய். இப்போது கேட்கிறேன். விடைக்குறிப்பையும் ஒட்டியிருக்கிறார்கள். நான் தப்பாக்கியவற்றில் இருபது கேள்விகளில் தப்பு என்னுடையதுதான், பார்த்ததும் புரிந்தது. பதினாலாம் கேள்வி மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. பிழையற்ற வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அ. அலுவலர் புகாரைக் கேட்டு, பதிவு செய்து, நடவடிக்கை எடுக்கப்பட்டது.
ஆ. அலுவலர் புகாரைக் கேட்டார், பதிவு செய்தார், நடவடிக்கை எடுத்தார்.
இ. அலுவலர் புகாரைக் கேட்டு, பதிவு செய்து, நடவடிக்கை எடுத்தார்.
ஈ. அலுவலர் புகாரைக் கேட்டதும், பதிவு செய்தல், நடவடிக்கை எடுத்தார்.

விடை ஆ என்று போட்டிருக்கிறார்கள். நான் எழுதியது இ. நீ சொன்ன சீருடைக் கணக்குப்படி ஆ வாக்கியத்தில் மூன்றும் ஒரே உடுப்பு, தெரிகிறது. ஆனால் தேர்வறையில் இரண்டையும் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன். இ என்பதுதான் வாயில் வழுக்கிக்கொண்டு போனது. நாம் அப்படித்தானே பேசுகிறோம்? "கடைக்குப் போய், காய் வாங்கி, வீட்டுக்கு வந்தேன்" என்றால் அது பிழையா? அப்படியென்றால் பிறந்ததிலிருந்து நான் பிழையாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆட்சேபம் இருந்தால் பத்து நாளில் எழுதலாமாம். யாரும் எழுதவில்லை. நானும் எழுதப்போவதில்லை. எழுதி மறுபடியும் மூக்குடைபட வேண்டுமா? நீ பார்த்து ஒரு வார்த்தை சொல். தப்பு என்று நீ சொன்னால் தப்பு. அதோடு இதை விட்டுவிடுகிறேன்.

அண்ணன்


மே 31

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலமாக இரு. நேரில் இருந்தால் அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன் என்று சொல்.

நீ கேட்டதற்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியாது. வேலையை விட்டு விலகும் தாளில் மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. ஒரு மாதம் பொறு. ஏன் என்று கேட்காதே.

தங்கை


ஜூலை 3

வாலு! வாலு!

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. நலமாகத்தான் இருக்க வேண்டும், இன்றைக்கு உலகத்தில் எல்லோருமே நலமாக இருக்க வேண்டும். நான் தேறிவிட்டேன்.

நேற்று நிலைய அலுவலர் கையில் ஒரு தாளோடு என்னைத் தேடிக்கொண்டு கொட்டகைக்கே ஓடி வந்தார். ஓடுகிற ஆளா அவர்! மொழித் தாள் பதினாலாம் கேள்விக்கு ஆவும் சரி, இயும் சரி, இரண்டுக்கும் மதிப்பெண் உண்டு என்று தேர்வு அலுவலகத்தின் திருத்த அறிவிப்பு. எனக்கு முப்பது. என்னைப் போல இதனால் தேறியவர்கள் துறை முழுக்க முப்பத்தொரு பேர். உன் அண்ணிக்குப் போன் போட்டேன். மறுமுனையில் தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம் நின்றது. அப்புறம், "நிஜமாவா? மறுபடி சொல்லுங்க" என்றாள். நாலு தடவை சொல்ல வைத்தாள்.

நெஞ்சில் உட்கார்ந்திருந்த எதையோ தூக்கி வெளியே எறிந்த மாதிரி இருக்கிறது. நேற்று மத்தியானம் படுத்தவன் சாயங்காலம்வரை கட்டையாகத் தூங்கினேன். எத்தனை மாதமாயிற்று!

சந்தோஷமான நாளில் சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். அந்தக் கேள்வியைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொறு என்றாய், பொறுத்தேன். ஏன் என்று கேட்காதே என்றாய், கேட்கவில்லை. இப்போதாவது சொல். என்னிடம் உனக்கு என்ன மனக்குறை?

அண்ணன்


ஜூலை 9

என் அன்பு அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு இந்தச் சொல்லை நிஜமாக எழுதுகிறேன். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்து ஓடி வந்தார். "ஒண்ணுமில்ல, அண்ணா பாஸ்" என்றேன்.

இனிமேல் சொல்லலாம். முதலிலிருந்து சொல்கிறேன்.

பிப்ரவரியில் உனக்கு ஐம்பது கேள்விகள் எழுத உட்கார்ந்த அன்றுதான் தேர்வு அலுவலகத்திலிருந்து ஆணை வந்தது. எல்லாத் துறைத் தேர்வுகளுக்கும் மொழிக் கேள்விகள் சேர்த்து வைக்கிறார்கள். அதில் வாக்கியத் திருத்தம் எழுத என்னைக் கூப்பிட்டார்கள். எந்தக் கேள்வி எந்தத் தேர்வுக்குப் போகும் என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியாது. முதல் நாளே கேள்விக் குழுவின் தலைவர் அம்மாவிடம், என் அண்ணன் இந்த வருஷம் தேர்வு எழுதுகிறார் என்று சொல்லிவிட்டேன். அவர் அதை எழுதி வாங்கிக்கொண்டு, "அப்படின்னா இன்னையிலிருந்து அவருக்கு ஒரு கேள்விகூடச் சொல்லித் தரக் கூடாது. இங்க வர்றதையும் சொல்லக் கூடாது" என்றார். கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தால்தான் உனக்கு அப்படி மொட்டையாக ஒரு கடிதம் எழுதினேன். தபால் பெட்டியில் போட்டுவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். திரும்ப எடுக்க முடியுமா என்று கையைக்கூட உள்ளே விட்டுப் பார்த்தேன்.

அண்ணா, பதினாலாம் கேள்வியை எழுதியது நான்.

இ என்ற வாக்கியத்தை முதலில் வேறு மாதிரிதான் எழுதியிருந்தேன், பார்த்ததும் பிழை தெரிகிற மாதிரி. சரிபார்ப்பவர் அதைச் சுழித்து, "ரொம்பச் சுலபமாக இருக்கிறது, மாற்றுக" என்று எழுதி அனுப்பினார். நாங்கள் கேள்வி எழுதும் கூடத்தைப் பூட்டும் நேரம். காவலாளி சாவியைக் குலுக்கிக்கொண்டு நிற்கிறார். மூன்று வினையும் ஒரே உருவத்தில் இல்லாவிட்டால் பிழை என்ற விதி மட்டும் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. மாற்றினேன், கொடுத்தேன், பேருந்தைப் பிடிக்க ஓடினேன். கேட்டு, செய்து, எடுத்தார் என்பதுதான் நம் மொழியின் இயல்பான நடை. கடைசி வினை மட்டும் முடிந்து நிற்கும், முன்னால் வருபவை அதை நோக்கி நடக்கும். அதுவும் ஒரு சீருடைதான். எனக்குத் தெரியாததா? ஆனால் அன்றைக்குத் தோன்றவில்லை.

உன் கடிதத்தில் அந்த நாலு வரியைப் பார்த்ததும் என் கேள்வி என்று தெரிந்துவிட்டது. உன்னிடம் மறைக்க மாட்டேன், "ஆ என்பதுதான் சரி" என்று உனக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். பாதி எழுதிவிட்டேன். நான் சொன்னால் நீ நம்பிவிடுவாய், அதோடு முடிந்துவிடும் என்று தெரியும். அது தெரிந்ததால்தான் மேலே எழுத முடியவில்லை. அவர் வந்து பார்த்தார். "அண்ணனுக்காகப் போய்ச் சொன்னா ஊர் என்ன பேசும்னு பயப்படறியா, இல்ல தப்பு பண்ணிட்டேன்னு சொல்ல வெட்கப்படறியா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன். "அப்ப ரெண்டையும் சேர்த்துச் சொல்லிடு" என்றார்.

மறுநாள் காலையில் தலைவர் அறைக்குப் போனேன்.

"அம்மா, துறைத் தேர்வுல பதினாலாம் கேள்வி என்னோடது. அதுல ரெண்டு விடை சரி."

"யார் கண்டுபிடிச்சாங்க?"

"எங்க அண்ணன். ஒரு மார்க்குல போயிட்டார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "இதை நான் எப்படி நம்பறதும்மா?"

"என்னை நம்ப வேண்டாம். கேள்வியை மட்டும் படிச்சுப் பாருங்க."

வாய்விட்டு இரண்டு தடவை படித்தார். உன்னை மாதிரியே. பிறகு, "எவ்வளவு தைரியம் வேணும் உங்களுக்கு" என்றார். திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என்னால் பொறுக்க முடியவில்லை. "எங்க அண்ணன் பேப்பரை விட்டுடுங்க. மத்தவங்களுக்கு மட்டும் மார்க் போடுங்க. அப்ப யாரும் எதுவும் சொல்ல முடியாது" என்றேன். அதற்குத்தான் நிஜமாகக் கோபித்துக்கொண்டார். "அவர் என்ன பாவம் பண்ணார்? தங்கச்சி இருக்கறது ஒரு குத்தமா? சரியா எழுதினவருக்கு மார்க். உட்காருங்க."

என்னையோ உன்னையோ தெரியாத மூன்று பேருக்குக் கேள்வியை அனுப்பினார்கள். ஒருவர் ஆ மட்டும்தான் சரி என்று பிடிவாதம் பிடித்தாராம். மற்ற இருவரும் இரண்டும் சரி என்று எழுதினார்கள். அந்த இருபத்து நாலு நாளும் நான் பட்ட பாட்டை நேரில் சொல்கிறேன்.

கேள்வி எழுதும் குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். தண்டனை என்றால் அவ்வளவுதான். வெளியே வரும்போது தலைவர், "உங்க அண்ணன்கிட்ட இனிமே நீங்களே சொல்லுங்க. வேற யார் மூலமாவும் தெரிய வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டேன்.

உன் பிழைப்பையே பறிக்கப் பார்த்தது என் கை. என்ன திட்ட வேண்டுமோ திட்டு.

உன் தங்கை


ஜூலை 20

என் அருமைத் தங்கைக்கு,

சுகமாக இரு. மாப்பிள்ளையும் சுகமாக இருக்கட்டும். அவரைக் கிண்டல் செய்த வாயாலேயே இப்போது அவரைப் புகழ்ந்துகொண்டிருக்கிறேன், உன் அண்ணிக்குக் காது வலிக்கிறது. இங்கே எல்லோரும் நலம்.

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். அந்தக் கேள்வியை எழுதியது நீ என்ற இடத்தில் உன் அண்ணி வாயில் கை வைத்தாள். முடிக்கும்போது, "நாலு மாசமா அந்தப் பொண்ணு மேல பழி போட்டீங்களே" என்று என் பக்கம் திரும்பினாள். அவளும்தான் உனக்குக் கடிதம் எழுதினாள், அது மறந்துவிட்டது.

திட்டச் சொல்கிறாய். எதற்குத் திட்டுவது? எனக்கு மதிப்பெண் போனதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை, வாலு. தங்கைக்கு நாம் வேண்டாதவன் ஆகிவிட்டோம் என்று நினைத்தேன் பார், அதுதான் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. உன் கடிதத்தின் முதல் பக்கத்திலேயே அது போய்விட்டது. மிச்சத்தை நான் கதை படிக்கிற மாதிரிதான் படித்தேன்.

கட்டுப்பாட்டு அறையில் சேர்ந்து ஒன்பது நாள் ஆகிறது. சுவர் முழுக்க வரைபடம், மேசையில் மூன்று தொலைபேசி, ஒரு சுழல் நாற்காலி. நாற்காலி சத்தம் போடுகிறது, எண்ணெய் விட வேண்டும். முந்தாநாள் ஒரு பெண் கூப்பிட்டாள். அடுக்கு மாடி, மூன்றாவது தளம், அறை முழுக்கப் புகை. "என்ன பண்ணணும், என்ன பண்ணணும்" என்று அலறினாள். "குனிஞ்சு நில்லுங்க. கதவை மூடுங்க. கதவு இடுக்குல ஈரத் துணி வைங்க. ஜன்னலைத் திறங்க" என்றேன். ஒவ்வொன்றையும் செய்துவிட்டு, "செஞ்சுட்டேன்" என்றாள். ஆறு நிமிடத்தில் வண்டி போய்ச் சேர்ந்தது. குழாய்க்காரர்தான் அவளை ஏணியில் இறக்கினார். அறிக்கையை நான் எழுதினேன். நிலைய அலுவலர் படித்துவிட்டு எதுவும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

இன்னொன்று. நேற்றுச் சாயங்காலம் பக்கத்து நிலையத்திலிருந்து ஒருவர் வந்தார். என்னைவிடப் பெரியவர், கை நடுக்கம் உள்ளவர். முப்பத்தொரு பேரில் அவரும் ஒருவர். அவருக்கும் அது கடைசித் தடவை. நான்தான் ஆட்சேபம் எழுதிப் போட்டேன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "நான் எழுதலைங்க. நானும் உங்களை மாதிரி நம்ம பேச்சுதான் தப்புன்னு நினைச்சு சும்மா இருந்துட்டேன்" என்றேன். "அப்ப யாரு பண்ணாங்க?" என்று கேட்டார். உன் பெயரைச் சொல்லவில்லை. "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தங்க. தன் மேலதான் தப்புன்னு அவங்களே போய்ச் சொன்னாங்க" என்றேன்.

அவர் எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு, "யாரா இருந்தாலும் நல்லா இருக்கணும். அவங்களைப் பார்த்தா நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சொல்லிவிட்டேன்.

உன் அண்ணன்